எழுத்தில்லாச் சட்டை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடைக்குப் பாதி என்று பங்கு பிரித்துக் கொடுத்த பெரியோர், அந்தப் பாதியின் விலை என்ன என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தப் பொறுப்பைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். அதன் பயனாக, இன்று ஆள் கால் பங்கும் ஆடை முக்கால் பங்குமாக நாம் உலவிக்கொண்டிருக்கிறோம்.

இக்கட்டுரை ஆடைகளுள் மிக எளியதான டி-ஷர்ட்டைப் பற்றியது. "பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் மலரில் இதற்கும் இடமா?" என்று புருவம் நெரிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். முத்தமிழ் விழா நெருங்கும்போதெல்லாம் நம் மன்றத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. எந்த அறிஞரை அழைப்பது என்பதன்று. எந்த நாடகத்தை நடிப்பது என்பதுமன்று. "இவ்வாண்டுச் சட்டைக்கு என்ன நிறம்? அதில் என்ன எழுத்து?" என்பதே அக்கேள்வி. பணம் திரட்டப்படுகிறது, சட்டை அச்சாகிறது, ஒரு நாள் உடுத்தப்படுகிறது. ஆண்டும் நாளும் அதன் முதுகிலேயே எழுதியிருப்பதால் மறுநாள் முதல் அது பழையதாகிவிடுகிறது. சில திங்கள் கழித்து அதையே வண்டி துடைக்கும் துணியாகக் காண்கிறோம்.

இவ்வாண்டும் அக்கேள்வி எழுந்துள்ளது. என் விடை இது: எழுத்தும் வேண்டா; புதுச் சட்டையும் வேண்டா. எழுத்தோ படமோ இல்லாத ஒற்றை நிற டி-ஷர்ட் நம்மில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அணிந்து வருவோம். அதுவும் இல்லாதவர், உள்ளதை உடுத்து வரட்டும். இது சிக்கனத்திற்காகச் சொல்வது மட்டுமன்று. அந்த எழுத்தில்லாச் சட்டையில் மாணவ வாழ்க்கைக்குத் தேவையான ஓர் அறமே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

உள்ளிருந்து வெளியே வந்த உடை

டி-ஷர்ட் உள்ளாடையாகப் பிறந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்குள் அணிந்த பருத்திப் பனியன் அது. வெயில் மிகுந்த கப்பல் தளத்தில் வேலை செய்தவர்கள் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதனுடனேயே நின்றார்கள். கைகளை விரித்துப் பரப்பினால் ஆங்கில எழுத்தாகிய 'டி' போலத் தோன்றியதால் அப்பெயர் வந்தது. ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு என்னும் அமெரிக்க நாவலாசிரியர் 1920-இல் வெளியிட்ட நூலில் அப்பெயர் காணப்படுகிறது. 1951-இல் மார்லன் பிராண்டோ ஒரு திரைப்படத்தில் டி-ஷர்ட்டுடன் தோன்றினார். அதன்பின் உள்ளாடை வெளியாடையாகிவிட்டது. அதை முதலில் வெளியே கொணர்ந்தவர் உழைப்பாளர். பிறகு புகழ் கொடுத்தவர் நடிகர்.

நம்மவர் அதற்கு வைத்த பெயர் பனியன். திருப்பூரில் இன்றும் டி-ஷர்ட் தைக்கும் தொழிற்சாலைக்குப் பெயர் பனியன் கம்பெனிதான். அப்பெயரின் கதை சுவையானது. வணிகன் என்னும் சொல்லுக்கு உறவான 'வாணியோ' என்னும் குஜராத்திச் சொல், ஐரோப்பியர் வாயில் 'பனியன்' ஆயிற்று. இந்திய வணிகரின் தளர்ந்த உடையைக் கண்டு அவர்கள் வீட்டில் அணிந்த அங்கிக்கும் அதே பெயரை இட்டார்கள். பின்னர் அப்பெயர் உள்ளாடைக்கு மாறி நம்மிடமே திரும்பி வந்தது. ஆகவே இது முற்றும் அயலார் உடை என்று ஒதுக்க இயலாது. பெயரளவிலாவது நமக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு.

மேலாடையும் மேல்கீழும்

மேலுடம்பில் எதை அணிவது என்பதை நம் நாட்டில் தட்பவெப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை. மேல்கீழ் என்னும் வழக்கமும் முடிவு செய்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தென்திருவிதாங்கூர்ப் பகுதியில், மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல் மன்னர் ஆணை பிறந்தது. அப்போதும் மேல்குலப் பெண்களைப் போல் அணியலாகாது என்னும் தடையுடனேதான் பிறந்தது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் முன் நின்ற ஆண்களின் கதை, நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த கதை.

இதை உணர்ந்தவர்கள் உடையையே பேச வைத்தார்கள். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் காந்தியடிகள் மேற்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். 1946-இல் அதே மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தது. ஒருவர் சட்டையைக் கழற்றிப் பேசினார். மற்றவர்கள் சட்டையை அணிந்து பேசினார்கள். இரண்டிலும் நெஞ்சில் எழுத்து ஒன்றும் அச்சிடப்படவில்லை என்பது கருதத்தக்கது. 2014-இல் வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றத்தார் உள்ளே விடவில்லை. அதன் விளைவாக, வேட்டி உடுத்தியவரைத் தடுத்தல் கூடாது என்று அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆகவே உடை என்பது வெறும் துணி அன்று. வாயிற்படியில் யாரை உள்ளே விடுவது என்பதற்கான சீட்டாகவும் அது இருந்து வந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் வெற்று டி-ஷர்ட்டின் இடம் எது? கஞ்சி போட்டு விறைப்பாக்கக் கழுத்துப்பட்டை இல்லை. செல்வத்தைக் காட்டச் சரிகைக் கரை இல்லை. எடுத்து இடுப்பில் கட்டத் துண்டும் இல்லை. மூட்டை தூக்குபவரும் முதலாளியும் ஒரே சட்டையை அணியலாம். எதிரே நிற்பவர்க்கு வேறுபாடு தெரியாது. அணிந்தவரின் குலமும் குடும்பமும் ஊரும் கூறாமல் வாய் மூடி நிற்பதே அதன் சிறப்பு. பிறகு அணிந்தவர் வாய் திறந்து பேசும்போது அவர் யார் என்று தெரிந்துகொள்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடை எது?

ஆனால் வணிகம் சும்மா இருக்குமா? மார்பில் ஒரு முதலையையோ குதிரையையோ தைத்துவிட்டது! துணி அதே துணி. விலை மட்டும் பன்மடங்கு. ஒழிந்தது என்று நினைத்த மேல்கீழ், விலங்கு வடிவில் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. விடுதியில் யார் மார்பில் எந்த விலங்கு என்று பார்த்துப் பழகும் வழக்கம் நம்மிடையே இல்லை என்று யாரேனும் துணிந்து சொல்ல முடியுமா?

ஒரு சட்டை, பல வேளை

கொள்கை பேசிவிட்டால் போதாது. பயனையும் காட்ட வேண்டும். நாச்சாரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் தோழர்களை நினைத்துப் பாருங்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு. ஓர் அறையில் மூவர். மூவர்க்கும் ஒரே அலமாரி, ஒரே கொடிக்கயிறு. ஏப்ரல், மே திங்களில் ஐதராபாத்து வெயில் 40 பாகையைத் தாண்டும். டிசம்பர் விடியலில் பல் தந்தியடிக்கும். இந்த வாழ்க்கைக்கு நிறையச் சட்டைகள் தேவையில்லை. நான்கு நல்ல சட்டைகள் தேவை. வெள்ளை, கறுப்பு, கருநீலம், சாம்பல் என நான்கு நிறம் போதும். இவை எந்தக் கால்சட்டையோடும் சண்டையிடா.

வகுப்புக்கு ஜீன்ஸுடன் அணியலாம். ஆய்வுக்கூடத்தில் வெள்ளை மேலங்கிக்குள் அணியலாம். ஆசிரியரைக் காணச் செல்லும்போது பொத்தான் இடாத அரைக்கைச் சட்டையை அதன்மேல் போட்டால் போதும். கருத்தரங்குக்குக் கருநீல டி-ஷர்ட்டை மடிப்புக் கலையாத கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய கோட்டை மேலே அணிந்தால் குறை சொல்வார் இல்லை. பனிக்காலத்தில் கம்பளிச் சட்டைக்குள் அது உள்ளாடை. இரவில் லுங்கியுடன் அது உறக்க உடை. பொங்கலன்று வேட்டிக்கு மேலே வெள்ளை டி-ஷர்ட் அணிந்த இளைஞன் அழகனாகவே தோன்றுகிறான். மாணவியர் இதில் நம்மை முந்திவிட்டார்கள். கைத்தறிச் சேலைக்கு ரவிக்கையாகக் கறுப்பு டி-ஷர்ட் அணிகிறார்கள். பாவாடைக்கும் சல்வாருக்கும் மேலே அணிந்து துப்பட்டா போட்டுக்கொள்கிறார்கள். ஒரே துணி ஏழு கோலம் கொள்கிறது. 'முத்தமிழ் விழா' என்று ஆண்டுடன் முதுகில் எழுதிய சட்டை இவற்றுள் ஒன்றையேனும் செய்யுமா?

நல்லதைத் தேர்ந்தெடுக்கவும் அறிய வேண்டும். பனியன் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வர், ஒரு சதுர மீட்டர்த் துணி எத்தனை கிராம் என்பது அதன் பொருள். 140-க்குக் கீழே இருந்தால் உடம்பு தெரியும்; 220-ஐத் தாண்டினால் நம் வெயிலுக்கு ஆகாது; 160 முதல் 180 வரை நமக்கு ஏற்றது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள். உடனே பழைய வடிவுக்கு மீள வேண்டும். தோள் தையலின் உட்புறம் நாடா வைத்துத் தைத்திருந்தால் அது பல நாள் உழைக்கும். தோள் தையல் தோள் எலும்பின் மேலேயே அமைய வேண்டும். கையில் வழிந்தால் அது அண்ணனின் சட்டை போலத் தோன்றும். பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதே முறுக்கியிருந்தால் இரண்டு சலவையில் அது தொப்புளுக்கே வந்துவிடும்.

வாங்கியபின் காப்பதும் கல்விதான். உட்புறத்தை வெளியே திருப்பித் தண்ணீரில் துவைக்க வேண்டும், வெந்நீர் வேண்டா. தோளைக் கவ்வியில் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் சட்டை நீண்டுவிடும். கயிற்றின்மேல் இரண்டாக மடித்து நிழலில் உலர்த்த வேண்டும். இப்படிக் காத்தால் ஒரு சட்டை படிப்பு முடியும்வரை உடன் வரும்.

சட்டைக்குப் பின்னால்

நாச்சாரத்துக் கடையில் தொங்கும் சட்டை எங்கிருந்து வருகிறது? தெலங்கானா இந்தியாவின் பெரிய பருத்தி மாநிலங்களுள் ஒன்று. தமிழ்நாட்டு நூற்பாலைகளோ தமக்கு வேண்டிய பஞ்சின் பெரும்பகுதியை வெளி மாநிலங்களிலிருந்தே வாங்குகின்றன. ஆகவே இந்த மண்ணில் விளைந்த பஞ்சு, தெற்கே போய் நூலாகி, திருப்பூரில் பின்னலாகி, சாயப்பட்டறையில் நிறம் பெற்று, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, பிசிர் நீக்கப்பட்டு, தேய்க்கப்பட்டு, மீண்டும் இந்த மண்ணுக்கே வந்து விலையாவது இயல்பே. படிக்க வடக்கே வந்த நமக்கும், உருவாகத் தெற்கே போன அந்தப் பஞ்சுக்கும் ஒருவகை உறவு இருக்கத்தான் செய்கிறது.

அந்தப் பயணம் எளிதானதன்று. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பயிர் முதல் சாயம் வரை, சராசரியாக ஏறத்தாழ 2,700 லிட்டர்த் தண்ணீர் ஆகிறது என்று உலக அளவில் கணக்குக் கூறுவர். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் நொய்யல், பல ஆண்டுகள் சாயக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. தண்ணீர் வேண்டிக் கட்டிய அணையைத் திறக்க வேண்டா என்று உழவரே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பின்னரே உறுதிப்பட்டது. நூற்பாலைகளிலோ, 'சுமங்கலித் திட்டம்' என்னும் மங்கலப் பெயரால், திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிய வழக்கம் இருந்தது. சட்டையில் எழுத்து இல்லாமல் இருக்கலாம்; அதன் இழைகளில் இத்தனை பேர் எழுதப்பட்டிருக்கிறார்கள். இத்தனையும் செய்து ஆக்கிய ஒன்றை ஒரே நாள் அணிந்து எறிவது செல்வச் செருக்கன்றி வேறென்ன?

மறுப்பார்க்கு விடை

என்னோடு மாறுபடும் நண்பர்கள் மூன்று கூறுகிறார்கள்.

"எழுத்துள்ள சட்டைக்கு ஆற்றல் இல்லையா?" என்பது முதலாவது. உண்டு, மறுக்கவில்லை. 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா தம்மைத் தமிழ் பேசும் இந்தியன் என்று கூறும் சட்டையணிந்து படம் வெளியிட்டபோது, அது நாடெங்கும் பேசப்பட்டது; இந்தி தெரியாது என்னும் வாசகச் சட்டைகளுக்குத் திருப்பூரில் தேவை பெருகியது. ஒரு நெருக்கடியில் நெஞ்சையே பலகையாக்குவது வீரம்தான். ஆனால் அது அந்த வேளைக்கு உரியது. ஆண்டு விழாவுக்கு அச்சிடும் வாசகத்தில் அந்த நெருப்பு இல்லை. தமிழை நெஞ்சின்மேல் எழுதிக்கொண்டு, நெஞ்சுக்குள் ஒரு பாட்டும் இல்லாமல் மேடைக்கு வருவோமானால் யார்க்கு என்ன பயன்?

"டி-ஷர்ட் மதிப்புக்குரிய உடையா?" என்பது இரண்டாவது. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இன்றும் அதற்குத் தடை உண்டு. 2019-இல் தலைமைச் செயலகப் பணியாளரின் உடை பற்றி அரசாணை ஒன்று வந்தது. 2024-இல் துணை முதலமைச்சர் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலின், கட்சிச் சின்னம் பொறித்த டி-ஷர்ட்டுடன் அரசு விழாக்களுக்கு வருகிறார் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கே தொடர்ந்தார்கள். அந்த வழக்கில் சட்டை ஒரு பாதி, சட்டையில் உள்ள சின்னம் மறுபாதி என்பதைக் கவனிக்க வேண்டும். இடத்துக்கு ஏற்ப உடுத்துவது பண்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 40 பாகை வெயிலில் கழுத்தில் இறுக்கிய டை மதிப்பு, துவைத்துத் தேய்த்த பருத்திச் சட்டை மதிப்பின்மை என்று யார் வகுத்தது? மதிப்பு தூய்மையில் இருக்கிறது. அழுக்குப் பட்டுக்கும் மதிப்பில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. "நீ வாங்காவிட்டால் திருப்பூர்த் தொழிலாளி என் செய்வார்?" 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி என்று உயர்த்தியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் அந்நகரம் எப்படித் திகைத்தது என்பதைச் செய்தித்தாளில் படித்தோம். ஆகவே இது புறந்தள்ளும் கேள்வியன்று. என் விடை இது: வாங்கவே வேண்டா என்று நான் சொல்லவில்லை, ஒரு நாளுக்கென்று வாங்க வேண்டா என்கிறேன். விழாச் சட்டைக்கு நாம் தேடுவது எது? யார் மிக மலிவாகத் தருவார் என்பதைத்தானே! அந்த மலிவு எங்கே போய் அழுத்துகிறது? பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கையில்தான். மூன்று மலிவுச் சட்டையின் விலையை ஒரு நல்ல சட்டைக்குக் கொடுப்பவன் தொழிலுக்குப் பகைவன் ஆகமாட்டான். நம் சிக்கனத்தால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை. நியாயமான கூலி சட்டத்தாலும் சங்கத்தாலும் வரவேண்டியது. ஆனால் அந்தக் கூலியை நம் கையாலேயே குறைக்காமல் இருப்பது நம்மால் ஆகும்.

செய்ய வேண்டியது

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. விழாச் சட்டைக்குப் பணம் தர இயலாத தோழர் ஒவ்வோர் ஆண்டும் நம்மிடையே இருக்கிறார். அவர் "பணம் இல்லை" என்று சொல்வதில்லை. "அன்று எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார். நாமும் நம்பிவிடுகிறோம். எல்லாரும் ஒரே நிறத்தில் நிற்கும் குழுப்படத்தில் அவர் மட்டும் இல்லை. ஒற்றுமைக்கென்று அச்சிட்ட சட்டை ஒருவரை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டது. வேட்டியைக் கண்டு கதவடைத்த மன்றத்துக்கும் நம் மன்றத்துக்கும் அப்போது என்ன வேறுபாடு?

ஆகவே மன்றச் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இவை. இவ்வாண்டு விழாவுக்கு எழுத்தில்லாச் சட்டையே உடை என்று அறிவியுங்கள். நிறத்தையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். சட்டைக்கென்று பணம் திரட்ட வேண்டா. தர விரும்புவோர் தருவதைக் கொண்டு மன்றத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குங்கள். பஞ்சிலிருந்து வரும் இழைக்கும், படிக்கும் ஏட்டுக்கும் நூல் என்னும் ஒரே பெயரை வைத்தது நம் மொழி. ஒரு நாளில் கிழியும் நூலைவிட, ஆண்டுகள் பல நிற்கும் நூல் நமக்கு நல்லது.

எழுத்து, சட்டையில் இல்லாமற் போகட்டும். நம் நாவிலும் நெஞ்சிலும் இருக்கட்டும். விழாவுக்கு யாவரும் வருக!